பதில்: ‘வாஸ் ஹேப்பண்ட்’ ஏன் தப்பு?

‘ஆன் ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட்’ என்று எழுதி மார்க் போனதாகச் சொன்னீர்கள். ‘ஹேப்பன்’ செயப்படுபொருள் குன்றிய வினை, அதாவது ‘எதை, யாரை’ என்பதற்குப் பதில் தராத வினை. அதற்குப் பேசிவ் வாய்ஸ் (‘செய்யப்பட்டது’ மாதிரி வரும் செயப்பாட்டு வினை) கிடையாது. வினையிடம் ‘எதை? யாரை?’ என்று கேட்டுப் பாருங்கள். விபத்து எதை நடந்தது? பதில் வராது. ஆக்கர், டை, அரைவ், டிஸப்பியர் எல்லாம் இந்த ரகம்தான். ‘ஆன் ஆக்சிடென்ட் ஹேப்பண்ட்’ போதும். ‘ஹேஸ் ஹேப்பண்ட்’ சரி, அது ‘நடந்திருக்கிறது’ என்று காலத்தைக் காட்டும் வடிவம், பேசிவே இல்லை; பலர் குழம்புவது இங்கேதான்.

ப்ரெபொசிஷன் (‘அட்’ போன்ற சிறு சொல்) சேர்ந்தால் சில வினைகள் பேசிவுக்கு வரும்: ‘ஹி வாஸ் லாஃப்ட் அட்’. கடைசி ‘அட்’டை விட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: ‘ஐ ஹேவ் எ கார்’ அந்த ‘எதை? யாரை?’ சோதனையில் தேறும், ஆனாலும் ‘எ கார் இஸ் ஹேட் பை மீ’ என்று எழுதக் கூடாது. ‘ரிசெம்பிள்’ளும் (ஒத்திருத்தல்) அப்படியே.