வளவில் ஒரு மக்காவ்: வாங்கும் முன் கேட்டவையும் பதில்களும்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பெரிய கிளி வாங்குவது பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. பல வருடங்களாக மக்காவ் என்ற நீண்ட வால் பெரிய கிளியும், ஆப்ரிக்கன் கிரே என்ற சாம்பல் நிறக் கிளியும் வளர்ப்பவர், மற்றவர்கள் வளர்க்க முடியாமல் விட்ட பறவைகளையும் ஏற்றுக் கவனிப்பவர் பதில் சொல்கிறார்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: தம்பி, எங்க வீடு ரெண்டு கட்டு வீடு. பேரன் நீல மஞ்சள் மக்காவ் வேணும்னு நிக்கிறான். இடத்துக்குக் குறைவில்ல. வாங்கித் தரலாமா?

இடத்தைப் பிறகு பார்ப்போம் ஆச்சி. வருஷத்தில் எத்தனை மாதம் அந்த வீட்டில் ஆள் இருக்கும்? நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகள் கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும்தான் திறக்கின்றன. மற்ற நாளெல்லாம் பூட்டுதான். மக்காவ் காட்டில் ஜோடியோடும் கூட்டத்தோடும் வாழும் பறவை. நம் வீட்டுக்கு வந்தால் நாம்தான் அதன் கூட்டம். தினமும் இரண்டு மூன்று மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே மனிதர்களோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் கத்தும், கடிக்கும், கடைசியில் தன் இறகைத் தானே பிடுங்க ஆரம்பிக்கும். மார்பு மொட்டையாகி என்னிடம் வந்த பறவைகளில் பல, நல்ல வசதியான வீடுகளில் இருந்தவை. சிலவற்றுக்கு இறகு திரும்ப முளைக்கவே இல்லை. வருஷக்கணக்கில் பிடுங்கினால் வேர் செத்துவிடும்.

அதே ஆச்சி: வாட்ச்மேன் நல்ல மனுஷன். வேளாவேளைக்குச் சாப்பாடு வச்சிருவாரே?

அவர் பறவையோடு உட்கார்ந்து பேசி விளையாடுபவர் என்றால் அது அவருடைய பறவை ஆகிவிடும். பேரன் லீவுக்கு வந்து கை நீட்டினால் கடி வாங்குவான். பேரன் சென்னையில் படிக்கிறான் என்றால் பறவையும் அவனோடு சென்னையில் இருக்க வேண்டும். அது முடியாதென்றால் இப்போது வேண்டாம் ஆச்சி.

தேவகோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: இவை எவ்வளவு காலம் வாழும்?

நன்றாக வளர்த்தால் மக்காவ் 50 வருஷமும் அதற்கு மேலும் வாழும். ஆப்ரிக்கன் கிரே 40 முதல் 60. காக்கட்டூ என்ற கொண்டைக்கிளியும் அப்படித்தான். அமெரிக்காவில் சிகாகோ பக்கம் புரூக்ஃபீல்டு விலங்குக்காட்சிசாலையில் குக்கி என்றொரு காக்கட்டூ 2016இல் இறந்தபோது அதற்கு வயது 83.

உங்களுக்கு இப்போது அறுபதுக்கு மேல் இருக்கும் ஐயா. குஞ்சாக வாங்கினால் அது உங்களுக்குப் பின்னும் இருக்கும். அடுத்து யார் வைத்துக்கொள்வார் என்று பெயரோடு முடிவு செய்யுங்கள். அந்த ஆள் முழு மனதோடு சரி சொல்ல வேண்டும், பறவைக்கும் இப்போதிருந்தே பழக வேண்டும். என் அபிப்பிராயம் கேட்டால், உங்களுக்குக் குஞ்சு வேண்டாம். வீடு மாற வேண்டிய நிலையில் உள்ள வயதான பறவை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பறவை ஒட்டாது என்பார்கள், அது உண்மையில்லை. மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

காரைக்குடியிலிருந்து கல்லூரி மாணவர்: அண்ணே, ஆப்ரிக்கன் கிரே மனுஷன் மாதிரியே பேசுமாமே?

பேசலாம், பேசாமலும் போகலாம். பேச்சுக்காக மட்டும் வாங்கினால் பேசாத பறவையை இரண்டாம் வருஷமே வெறுத்துவிடுவீர்கள். அதன் மூளையைப் பற்றி யோசியுங்கள் தம்பி. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் என்ற கிரேயோடு 1977 முதல் 2007இல் அது இறக்கும்வரை வேலை செய்தார். நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் கேட்டால் அது பதில் சொல்லும். அப்படிப்பட்ட மூளையைக் கூண்டில் ஒரு கிண்ணத்தோடு விட்டால் என்ன ஆகும்? தினம் ஒரு வேலை கொடுக்க வேண்டும். நம் ஊரில் அது சுலபம். சாயம் போடாத பனையோலைக் கொட்டானுக்குள் இரண்டு பாதாமை ஒளித்துக் கட்டித் தொங்கவிடுங்கள். காலை முழுக்கக் கிழித்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, கிரேக்கும் காக்கட்டூவுக்கும் உடம்பிலிருந்து வெள்ளை மாவு போலத் தூள் உதிரும். வீட்டில் ஆஸ்துமா இருந்தால் முதலில் பறவை வைத்திருப்பவர் வீட்டில் சில நாள் போய் உட்கார்ந்து பாருங்கள்.

பள்ளத்தூரிலிருந்து ஓர் அம்மா: எங்க வீட்டுத் தூணும் நிலையும் பர்மாத் தேக்கு. கடிச்சிருமா?

கண்டிப்பாகக் கடிக்கும். கொட்டை உடைக்கும் அலகு அது. சித்திர வேலை செய்த நிலையைச் சாயங்காலத்துக்குள் சிராய் சிராயாக்கிவிடும். பழக்கி நிறுத்த முடியாது, மரம் கடிப்பது அதன் பிழைப்பு. பட்டாலைக் கூடத்தில் பறவை உட்காரத் தாங்கி வைத்து, கொய்யாக் கிளை, வேப்பங்கிளை, தேங்காய்ச் சிரட்டை என்று கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் இல்லாதபோது கூண்டில். கூண்டு மக்காவுக்கு நாலடிக்கு மூன்றடி, ஐந்தடி உயரமாவது வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி வேண்டாம், அதைக் கடித்தே விஷம் ஏறிச் சாகும் பறவைகள் உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விலை கூடத்தான், ஆனாலும் அதுவே நல்லது. ஆத்தங்குடிக் கல் தரை பற்றி யோசிக்க வேண்டாம். கீழே செய்தித்தாள் விரித்து உடனே துடைத்தால் போதும். ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள்.

கொத்தமங்கலத்திலிருந்து ஒருவர்: முற்றம் திறந்தே இருக்கு. இறக்கையை வெட்டிட்டா போதும்தானே?

போதாது. வெட்டிய இறக்கையோடும் காற்று அடித்தால் ஓட்டுக்கு மேல் போய்விடும். அப்புறம் இறங்கத் தெரியாது, காக்கை சூழ்ந்துகொள்ளும். முற்றத்துக்கு மேல் பழைய இரும்புக் கம்பி இருந்தாலும் இடைவெளி பெரிது, கீழே நெருக்கமான வலை அடியுங்கள். வெயிலும் பாருங்கள். பறவைக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விரித்து வைத்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். சித்திரை, வைகாசியில் நிழலும், தெளிக்கத் தண்ணீரும் வேண்டும்.

புதுவயலிலிருந்து ஓர் அக்கா: நாங்க சாப்பிடுறதையே கொடுக்கலாமா? முறுக்குன்னா ஆசையா சாப்பிடுதுன்னு சொல்றாங்களே.

ஆசையாகத்தான் சாப்பிடும் அக்கா, அதுதான் கெடுதல். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் வேண்டாம். காபி, சாக்லேட், வெண்ணெய்ப்பழம் (அவகாடோ) மூன்றும் விஷம். வெறும் சூரியகாந்தி விதையில் வளர்ந்த பறவைகளைத்தான் கல்லீரல் கெட்டு, வைட்டமின் ஏ குறைந்து அதிகம் பார்க்கிறோம். பாதிக்கு மேல் நல்ல பெல்லட், அதாவது கிளிக்கென்றே செய்த உருண்டைத் தீனி. மற்றபடி முருங்கைக்கீரை, கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளி, பரங்கிக்காய், முளைகட்டிய பயறு. பப்பாளியும் மாதுளையும் கொஞ்சம். மக்காவுக்குத் தினம் சில கொட்டைகள் வேண்டும். கிரேக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் வலிப்பே வரும், அதனால் கீரையை விடாதீர்கள்.

அடுப்படிக்குப் பக்கத்தில் கூண்டை வைக்கவே கூடாது. நான்ஸ்டிக் சட்டி காய்ந்து தீய்ந்தால் வரும் புகை சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். நமக்கு வாடையே தெரியாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போதும் பறவையை வேறு கட்டுக்கு மாற்றுங்கள்.

மாணவர் மறுபடியும்: சத்தம்?

மக்காவும் காக்கட்டூவும் 100 டெசிபலைத் தாண்டும். விடியும்போதும் பொழுது சாயும்போதும் கத்துவது அதன் இயல்பு. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருந்தால் அவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள்.

திருப்பத்தூரிலிருந்து ஒருவர்: ஊர்ப் பச்சைக்கிளி மலிவாக் கிடைக்குது. வெளிநாட்டுக் கிளிக்குப் பேப்பர் ஏதும் வேணுமா?

பச்சைக்கிளியைத் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளி எதையும் பிடிப்பது, விற்பது, வீட்டில் வைப்பது எல்லாமே குற்றம். சந்தைக்கு வரும் குஞ்சு ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மரப்பொந்திலிருந்து திருடியது.

மக்காவ், கிரே, காக்கட்டூ எல்லாம் அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை. கிரேயை 2016இல் அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கே மாற்றினார்கள், காட்டில் அவ்வளவு பிடித்துவிட்டார்கள். 2024இல் வந்த விதிகளின்படி, இப்படிப்பட்ட பறவை கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் அவருடைய பதிவுச் சான்றைக் கேளுங்கள். "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கையால் தீனி ஊட்டி வளர்த்தால்தான் ஒட்டும் என்று சொல்லி, கண் திறக்காத குஞ்சைத் தள்ளப் பார்ப்பவரிடமும் வாங்காதீர்கள். தீனி சூடு கூடினால் கழுத்தடியில் உள்ள தீனிப்பை வெந்துவிடும், தவறி மூச்சுக்குழலில் போனால் அதோடு முடிந்தது. தானாகச் சாப்பிடப் பழகிய குஞ்சுதான் வேண்டும்.

தேவகோட்டை ஆசிரியர்: நோய் வந்தால் இங்கே டாக்டர் உண்டா?

ஆடு மாடு பார்க்கும் எல்லோரும் கிளி பார்ப்பதில்லை. வாங்கும் முன்பே பறவை பார்க்கும் மருத்துவரைத் தேடி வையுங்கள். ஒரத்தநாட்டில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிளி நோயை மறைக்கும். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்துவிட்டால் ரொம்பத் தாமதம். அதனால் சமையலறைத் தராசில் வாராவாரம் எடை போட்டு எழுதுங்கள். எடை குறைவதுதான் பல நேரம் முதல் அடையாளம். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் விடாமல் இருந்தால், கிளி இருப்பதை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். சிட்டகோசிஸ் என்ற தொற்று கிளியிடமிருந்து நமக்கு வரும். தெரிந்தால் மருந்து உண்டு.

பள்ளத்தூர் அம்மா: இதெல்லாம் கேட்டும் என் மகளுக்கு ஆசை போகலை. என்ன செய்ய?

ஆசை போக வேண்டாம். வாங்குவதைத் தள்ளிப்போட்டு, சனி ஞாயிறு காலையில் என் வீட்டுக்கு அனுப்புங்கள். கூண்டு கழுவ, காய் நறுக்க, தாங்கி துடைக்க ஆள் வேண்டும். மழைக்காலம் முடியும்வரை விடாமல் வந்தால் அவளுக்கு ஏற்ற பறவையை நானே தேடித் தருகிறேன். பழைய சட்டை போட்டு வரச் சொல்லுங்கள். தோட்டையும் செயினையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரட்டும்.