அம்மப்பாவின் வைத்திய ஏடுகள்: எண்ணெய் பூசாதீர்கள்

அம்மப்பாவின் வைத்திய ஓலை ஏட்டுக்கட்டு கொழும்பு வெள்ளவத்தை வீட்டு அலுமாரியில் கிடைத்ததாகவும், தேங்காய் எண்ணெய் பூசலாமா, அதில் உள்ள சூரணத்தைச் செய்து பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் காறிப்போகும், தூசியையும் பூச்சியையும் இழுக்கும். கடற்கரைப் பக்கம் ஈரப்பதம் அதிகம், அதனால் பொலித்தீன் பையும் கூடாது; பூஞ்சணம் பிடிக்கும். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, பருத்தித் துணியில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் ஏடுகளின் வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஏட்டையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். எழுத்தாணியால் கீறி மை தடவாமல் விட்ட எழுத்தென்றால், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் கீறல்கள் தெரியும்.

மருந்து விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஏட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோல இருக்கும். அளவுகளுக்குத் தனிக் குறியீடுகள். ரசம் (பாதரசம்), பாஷாணம் (நச்சுத் தாது) சேரும் முறைகளில் ஓர் எழுத்தைத் தவறாக வாசித்தாலே உயிருக்கு ஆபத்து. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள். அங்கே ஒருவரிடம் படங்களைக் காட்டுங்கள்.

பழைய ஏட்டுக்கு இப்போது என்ன மதிப்பு என்று உங்கள் தம்பி கேட்டாராம். பழைய எழுத்து இன்றும் சான்றாக நிற்கும். மஞ்சளால் காயம் ஆற்றுவதற்கு அமெரிக்காவில் 1995இல் கொடுத்த காப்புரிமையை இந்தியா 1997இல் ரத்து செய்யவைத்தது பழைய எழுத்துச் சான்றுகளைக் காட்டித்தான்.

படங்களின் பிரதியை நூலகம் நிறுவனத்துக்கும் கொடுக்கலாம். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவைக்கிறார்கள். ஏடுகளைச் சென்னைக்குக் கொண்டுபோகும் யோசனை இருந்தால், அதற்கு அனுமதி வேண்டுமா என்று முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரியுங்கள்.