மதுரையில் வீட்டுச் சாப்பாடு மெஸ்: நான் பார்க்கும் ஒரே அடையாளம்

வேலைக்காக மதுரை வந்திருக்கிறேன், ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டுச் சமையல் மாதிரி கிடைக்கிற மெஸ்ஸை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேர்பெற்ற மெஸ்களைச் சொல்ல இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கறி தோசைக்கு ஒரு கடை, கோலா உருண்டைக்கு ஒரு கடை என்று பட்டியலே போடுவார்கள். விருந்தாளி வந்தால் நானும் அங்கேதான் கூட்டிப்போவேன். ஆனால் தினமும் மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்தால் சம்பளமும் தாங்காது, வயிறும் தாங்காது.

தினச் சாப்பாட்டுக்கு நான் பார்க்கும் அடையாளம் ஒன்றுதான். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்குவாளியோடு வந்து குழம்பு மட்டும் வாங்கிப் போகிறார்களா? வீட்டில் சோறு வடித்து வைத்துவிட்டுக் குழம்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வயசானவர்கள், இல்லையென்றால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். முந்தாநாள் குழம்பைச் சுடவைத்து ஊற்றினாலோ, எண்ணெய் மிதந்தாலோ, மறுநாள் காலையிலேயே வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்டுவிடுவார்கள். ஒரே தெருவில் இருந்துகொண்டு அவர்களை ஏமாற்றிப் பிழைக்க முடியாது. ஆன்லைன் ரேட்டிங்கை விட எனக்கு இந்தக் கிழவிகள் மேல்தான் நம்பிக்கை.

எனக்கு மெஸ் அகப்பட்டதும் அப்படித்தான். தெற்குமாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். திருமலை நாயக்கர் மகாலுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் வசூலுக்குப் போகும்போது, ஒரு வீட்டுத் திண்ணையில் தூக்குவாளிகள் வரிசையாக இருந்தன. போர்டு கிடையாது. முன்கட்டில் நாலு பெஞ்சு, பின்கட்டில் அடுப்பு. மேலூர்ப் பக்கத்து அக்கா சமைக்கிறார், அவர் வீட்டுக்காரர் பரிமாறுகிறார். தயங்கி நின்றவனை "சாப்புடத்தானே தம்பி? உள்ள வாங்க, அங்கிட்டு ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்று இலையைப் போட்டுவிட்டார்.

இன்னொன்றும் அங்கே கவனித்தேன். பதினொன்றரை மணி வாக்கில் பக்கத்து வீட்டு சௌராஷ்டிரா பாட்டி ஒருவர் வாளியோடு வருவார். குழம்புக்கு அல்ல, வடிகஞ்சிக்கு. சுங்குடிச் சேலைக்குக் கஞ்சி போட அவருக்கு அதுதான் வேண்டும். பெரிய ஹோட்டல்களில் பலவும் நீராவியில் சோறு வேகவைப்பவை, அங்கே போய் யாரும் கஞ்சி கேட்க முடியாது. இங்கே பானையைச் சாய்த்து வடித்த சோறு. பருக்கை பருக்கையாக நிற்கும், ரசம் ஊற்றினால் உள்ளே இறங்கும்.

மெனு என்று எதுவும் இல்லை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் எது மலிவோ அதுதான் பொரியல். கத்தரிக்காய் வந்து குவிந்தால் வாரம் முழுக்கக் கத்தரிக்காயைச் சகித்துக்கொள்ள வேண்டும். சாம்பார் சுமார்தான், புளி ஒரு கை கூடவே விழும். ஆனால் அந்த ரசம் இருக்கிறதே! மிளகும் சீரகமும் அம்மியில் தட்டியது, திப்பி திப்பியாக அடியில் கிடக்கும். நான் இரண்டாவது சோறு வாங்குவதே அதற்காகத்தான்.

புதன், ஞாயிறு கறிக்குழம்பு உண்டு. வைகையில் தண்ணீர் வந்து கண்மாய் நிறைகிற நாட்களில் எப்போதாவது அயிரை மீன். உயிரோடு வாங்கிவந்து தேங்காய்ப்பாலில் விடுவார்கள், அது குடித்த மண்ணையெல்லாம் கக்கிவிடும். பிறகு கல் உப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவி, முழுசாகவே குழம்பில் போடுவார்கள். கிலோ 1000 ரூபாயைத் தாண்டுகிற மீன் என்பதால் அன்றைக்கு ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம்தான், தனிக் காசு. "இன்னும் ஒரு கரண்டி, அக்கா" என்று கேட்டால், "இருக்குற நாலு பேரும் சாப்புட வேணாமா தம்பி?" என்பார் அக்கா. நியாயம்தானே.

குறையும் சொல்லிவிடுகிறேன். கை கழுவுமிடம் சந்தில், வெயில் நேரே அடிக்கும். ஜிபே வாங்குவார்கள், ஆனால் வீட்டுக்காரர் போனில் மெசேஜ் வரும்வரை உங்களை விடமாட்டார். வீட்டில் விசேஷம் என்றால் முன்னறிவிப்பில்லாமல் பூட்டு தொங்கும்.

இந்த மெஸ்தான் வேண்டும் என்றில்லை. உங்கள் ரூம் எல்லிஸ் நகரோ செல்லூரோ, பன்னிரண்டு மணிக்கு மேல் தெருவுக்குள் நடந்து தூக்குவாளி எங்கே போகிறது என்று பாருங்கள். சாயந்திரம் தேடாதீர்கள், இந்த மாதிரி இடங்களில் ராத்திரிக்கு அடுப்பு எரியாது. பார்சல் வேண்டுமென்றால் சொந்தப் பாத்திரம் கொண்டுபோங்கள். பாலிதீன் பையில் கட்டிய ரசத்துக்கு வாசமே இருக்காது. இரண்டு மணிக்கு மேல் போனால் மோர்ச்சோறும் ஊறுகாயும்தான் மிஞ்சியிருக்கும்.