தத்துவம் சோறு போடுமா?

அன்புள்ள ஐயா,

இயற்பியலில் அத்தனை மதிப்பெண் வாங்குகிற பெண் ஒருநாள் வந்து, 'தத்துவம் படிக்கப் போகிறேன்' என்று சொன்னால் எந்த அப்பாவுக்கும் தூக்கம் போய்விடும். உங்கள் கடிதத்தில் கோபத்தை விடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. அதனால் நீங்கள் கடைசி வரியில் கேட்டதற்கே முதலில் வருகிறேன். தத்துவம் சோறு போடுமா? தனியாகப் போடுவது கஷ்டம். கூட இன்னொரு திறமை சேர்ந்தால் நன்றாகவே போடும். அறிவியல்? இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிட்டால் அதுவும் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் போடாது. ஆய்வாளர் வேலை என்று நீங்கள் மனதில் வைத்திருப்பதில் பெரும்பகுதி முதுநிலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ அப்புறம்தான் கைக்கு எட்டும்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். நம் மொழியில் இந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் கெட்ட பெயர். யாராவது நீட்டி முழக்கினால் 'தத்துவம் பேசாதே' என்கிறோம். வாழ்க்கை நிலையில்லாதது என்று பாடினால் அது தத்துவப் பாட்டு. உங்கள் மகள் போக நினைக்கும் வகுப்பில் இதெல்லாம் நடக்காது. ஒரு வாதத்தைக் கையில் கொடுத்து, இந்த முடிவு உண்மையிலேயே இந்த முன்கூற்றுகளிலிருந்து வருகிறதா, எந்த இடத்தில் ஓட்டை என்று கேட்பார்கள். தர்க்கவியல் வினாத்தாளைத் தள்ளி நின்று பார்த்தால் கணக்குத் தாள் என்றே நினைப்பீர்கள்.

அந்தத் தர்க்கத்தால் என்ன பயன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1854-இல் ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞர், சிந்தனையின் விதிகளையே இயற்கணிதமாக எழுதிப் பார்த்தார். பல பத்தாண்டுகளுக்கு அது தர்க்கம் படிப்பவர்களின் விளையாட்டுப் பொருளாகத்தான் இருந்தது. 1930-களில் கிளாட் ஷானன் என்ற மாணவர் மின்பொறியியலும் கணிதமும் படித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தத்துவ வகுப்பில் பூலின் தர்க்கத்தைக் கற்றார். மின்சுற்றில் சுவிட்ச் ஒன்று மூடியிருக்கும் அல்லது திறந்திருக்கும். கூற்று ஒன்று உண்மையாக இருக்கும் அல்லது பொய்யாக இருக்கும். இரண்டும் ஒன்றுதானே என்று அவருக்குப் பொறி தட்டியது. 1937-இல் அதையே முதுநிலை ஆய்வேடாக எழுதினார். இன்று நம் கையில் இருக்கும் ஒவ்வொரு டிஜிட்டல் கருவியின் அடியிலும் அந்த யோசனை இருக்கிறது. இந்தக் கதையைத் தத்துவத்தின் வெற்றி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், எப்படி வேலை செய்கிறது என்று தெரியாத ஒருவர் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

சரி, உங்கள் மகளுக்கு எது? 'அணு இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்' என்று அவள் சின்ன வயதிலிருந்தே நச்சரிப்பாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு கேள்வியே எனக்குப் போதும். நூறு வருடம் முன்பு பெரியவர்களே இதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். இயற்பியல் அறிஞர் எர்ன்ஸ்ட் மாக் அணுவைக் கணக்குக்கு உதவும் கற்பனையாகவே பார்த்தார். 1905-இல் ஐன்ஸ்டீன், திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களின் தள்ளாட்டத்தை வைத்து அணுக்களை எண்ண வழி சொன்னார். பிரெஞ்சு இயற்பியல் அறிஞர் ஜான் பெரின் அதைச் சோதித்து அளந்து காட்டினார். 1926-இல் நோபல் பரிசும் வந்தது. வேதியியல் அறிஞர் ஆஸ்ட்வால்ட் போன்ற சந்தேகக்காரர்கள் மனம் மாறினார்கள்.

இந்தக் கதையை அவளிடம் சொல்லுங்கள். 'பெரின் எப்படி அளந்தார், கருவி என்ன, பிழை எவ்வளவு' என்று கேட்டால் அவள் அறிவியல்காரி. 'அளவுகள் பொருந்திவிட்டால் மட்டும் அந்தப் பொருள் இருக்கிறது என்று ஆகிவிடுமா, மாக் கேட்டதில் என்ன தப்பு' என்று ஆரம்பித்தால் அது தத்துவப் புத்தி. அதை அடக்கினாலும் அடங்காது. இரண்டையும் கேட்கிற பிள்ளைகளும் உண்டு. என் அனுபவத்தில், பெற்றோர் அதிகம் பயப்படுவது இவர்களைப் பார்த்துத்தான். பயமே தேவையில்லாத பிள்ளைகளும் இவர்கள்தான்.

அப்படி இரண்டும் இருந்தால் வரிசை முக்கியம். அறிவியல் பாடங்கள் படிக்கட்டு மாதிரி. நுண்கணிதம் இல்லாமல் மின்காந்தவியல் இல்லை. பதினெட்டு வயதில் விட்ட படியை இருபத்தைந்தில் ஏறுவது கடினம். தத்துவத்தில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. தாமஸ் கூன் 1949-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டுத்தான் அறிவியலின் வரலாற்றுக்கும் தத்துவத்துக்கும் முழுதாக வந்தார். எதிர்த்திசையிலும் ஆள் உண்டு: இளநிலையில் வரலாறு படித்த எட்வர்ட் விட்டன் பின்னால் இயற்பியலுக்குப் போய் 1990-இல் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமே வாங்கினார். ஆனால் விட்டனை நம்பி யாரும் திட்டம் போடக் கூடாது.

ஆகவே என் யோசனை: இயற்பியலையோ கணிதத்தையோ முதன்மைப் பாடமாகவும் தத்துவத்தைத் துணைப்பாடமாகவும் எடுக்க முடிகிற கல்லூரியைத் தேடுங்கள். அவள் தத்துவமே முதன்மை என்று பிடிவாதமாக நின்றால், விடுங்கள். ஆனால் கூடவே புள்ளியியல், நிரலாக்கம், சட்டம் இவற்றில் ஒன்றை உருப்படியாகக் கற்க வேண்டும் என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். தத்துவப் பேராசிரியர் பணியிடங்கள் எங்கும் குறைவு. அதை மட்டும் நம்பிப் போவது சூதாட்டம். சட்டம், மருத்துவ அறவியல், கொள்கை ஆய்வு, செயற்கை நுண்ணறிவின் நெறிமுறை என்று பக்கவாட்டில்தான் இவர்களுக்கு வேலை கிடைக்கிறது.

தத்துவ மாணவர்கள், அமெரிக்காவில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வின் மொழித்திறன், பகுப்பாய்வு எழுத்துப் பிரிவுகளில் முன்வரிசையில் நிற்கிறார்கள் என்று அவள் உங்களிடம் வாதாடக்கூடும். உண்மைதான். ஆனால் படிப்பு அவர்களைக் கூர்மையாக்கியதா, கூர்மையானவர்கள்தான் அந்தப் படிப்புக்குப் போகிறார்களா என்று திருப்பிக் கேளுங்கள். அவள் கோபப்படாமல் உட்கார்ந்து யோசித்தால், அன்று சாயங்காலமே எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.