சிற்றூர் மண் தடக் கார் பந்தயத்துக்குப் புதிய ரசிகர்களை எப்படி வரவழைப்பது, எப்படித் தக்கவைப்பது?

கேள்வியின் விவரத்தில் நீங்கள் எழுதியிருப்பது இது: அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் உங்கள் நண்பர் ஒரு சிறிய மண் தடத்தை வாராவாரம் நடத்துகிறார். பழைய ரசிகர்களுக்கு வயதாகிவிட்டது. புதியவர்கள் ஒருமுறை வந்து பார்க்கிறார்கள், அதோடு சரி.

நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். புதியவர்கள் வரத்தான் செய்கிறார்கள், அதனால் விளம்பரத்துக்கு இன்னும் செலவழிப்பதில் பயனில்லை. முதல் இரவில் அவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நான் அயோவாவில் வசிக்கும் மென்பொருள் ஊழியன். பந்தயத் தொழிலில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் கோடைச் சனிக்கிழமைகளில் கேலரியில் உட்காருபவன். உடன் வேலை செய்பவர்களையும் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களையும் அழைத்துப் போய், அவர்களில் யார் மறுபடி வந்தார்கள், யார் நாசூக்காக நழுவினார்கள் என்பதைப் பார்த்தவன். அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

நழுவியவர்கள் சொன்ன காரணங்களில் பந்தயம் பிடிக்கவில்லை என்பது அநேகமாக இல்லவே இல்லை. ஸ்பிரிண்ட் கார்கள் இருபது சேர்ந்து முதல் வளைவுக்குள் பாயும்போது பிடிக்காமல் போக வழியில்லை. ஏறக்குறைய 640 கிலோ எடையுள்ள வண்டியில் சுமார் 900 குதிரைத்திறன், தலைக்கு மேல் ஒரு பெரிய இறக்கை, இடப்பக்கம் திரும்பும் வண்டிக்கு வலப்பக்கம் ஒடித்த ஸ்டியரிங். பார்ப்பவர் வாயைப் பிளந்துவிடுவார். அவரைத் துரத்துவது அந்தச் சில நிமிடங்களுக்கு நடுவே இருக்கும் வெற்று நேரம். மாலை ஏழு மணிக்குத் தொடக்கம் என்று அறிவித்துவிட்டு ஏழே முக்காலுக்கு முதல் பந்தயம். பிறகு தடத்துக்குத் தண்ணீர் தெளிப்பு. கார்களை வகை பிரித்துத் தனித்தனி வகுப்புகளாக ஓட்டுவார்கள். கடைசி வகுப்பு கார்களில் யாரோ சுழன்று நின்றுவிட, வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடி, மறுபடி வரிசை, இரண்டு சுற்றில் மறுபடி மஞ்சள் கொடி. இடைவேளை என்ற பெயரில் முக்கால் மணி நேரம். ஃபீச்சர் என்னும் இறுதிப் பந்தயங்களில் முக்கியமான ஸ்பிரிண்ட் கார் ஃபீச்சர் தொடங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். குழந்தை தோளில் தூங்கியிருக்கும், அந்தக் குடும்பம் கார் நிறுத்துமிடத்தில் இருக்கும். விருந்தினர் கிளம்பிய பிறகு இலை போடுவது போன்ற காரியம் இது.

இதை அமைப்பாளர்களிடம் சொன்னால் அவர்களுக்கும் தெரியும் என்பார்கள். தெரிந்தும் ஏன் நடக்கிறது? பின்வாசலால். மண் தடங்களுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. முன்வாசலில் பார்வையாளர் டிக்கெட் வாங்குகிறார். பின்வாசல் வழியாக ஓட்டுநர், அவருடைய மெக்கானிக், மனைவி, மைத்துனர், நண்பர் எல்லோரும் பிட் என்னும், கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் பகுதிக்கான அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். அந்தச் சீட்டின் விலை கேலரி டிக்கெட்டைவிடப் பெரும்பாலும் அதிகம். ஒரு கார் வந்தால் ஐந்தாறு சீட்டு விற்கும். மழை வருமோ என்ற வாரத்திலும், எதிர் ஊரில் திருவிழா நடக்கும் வாரத்திலும் அந்தப் பணம் வரும். ஆக, கூட்டம் குறையும்போது அமைப்பாளர் செய்யும் முதல் வேலை இன்னொரு வகுப்பைச் சேர்ப்பது. லேட் மாடல், மாடிஃபைட், ஸ்ட்ரீட் ஸ்டாக், நான்கு சிலிண்டர் குட்டிக் கார்கள் என்று ஐந்தாறு வகுப்புகள் ஆகிவிடும். அந்த இரவின் கணக்கு நேராகும், ஆனால் நிகழ்ச்சி இழுபடும். முன்வாசல்காரர் களைத்து வீட்டுக்குப் போவார். அடுத்த வாரம் முன்வாசலில் இன்னும் கொஞ்சம் குறையும், அதை ஈடுகட்ட இன்னொரு வகுப்பு வரும். கேலரி காலியாவதற்கு இந்தச் சுழல்தான் காரணம் என்பது என் கட்சி. இன்றைய பிள்ளைகள் கைப்பேசியைவிட்டு நிமிர்வதில்லை என்ற புலம்பலை நான் நம்புவதில்லை. நல்ல பந்தயம் ஓடும்போது அவர்கள் அந்தக் கைப்பேசியில் அதைத்தான் படம் பிடிக்கிறார்கள்.

எனவே நண்பருக்கு என் முதல் யோசனை, ஒரே இரவில் நான்கு வகுப்புகளுக்கு மேல் வேண்டாம் என்பது. மீதியுள்ளவற்றை வாரம் மாற்றி வாரம் ஓட்டலாம். சிறிய வகுப்புகளின் ஃபீச்சருக்கு நேர வரம்பு வைக்கலாம். ஒரே ஆள் இரண்டு முறை மஞ்சள் கொடிக்குக் காரணமானால் அவரைப் பிட்டுக்கு அனுப்பும் விதி பல தடங்களில் இருக்கிறது, அதைக் கூச்சமில்லாமல் அமல்படுத்த வேண்டும். முக்கியமான வகுப்பின் ஃபீச்சரை இடைவேளை முடிந்ததும் ஓட்டிவிட வேண்டும். இதற்கு எதிர்ப்பு வரும். "எங்கள் பந்தயத்தைக் காலியான கேலரிக்கு ஓட்டுவதா?" என்று மற்ற வகுப்பினர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பத்தரை மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்தால் கேலரியில் பாதிக்கு மேல் கடைசிவரை உட்காரும். பத்தரைக்கு முடியும் என்று சுவரொட்டியிலேயே அச்சடிக்கட்டும். தொடங்கும் நேரத்தை எல்லோரும் அச்சடிக்கிறார்கள், முடியும் நேரத்தை அச்சடித்த தடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பிள்ளைகளை வைத்திருப்பவருக்கு அதுதான் வேண்டிய தகவல்.

அடுத்தது, புரியாமை. முதல் முறை வருபவருக்கு அங்கே நடக்கும் எதற்கும் தலைவால் தெரியாது. எட்டே சுற்றில் பந்தயம் முடிந்து எல்லோரும் உள்ளே போய்விட்டால், "இவ்வளவுதானா?" என்பார். அது ஹீட் என்னும் தகுதிச் சுற்று, அதில் முன்னால் வந்தவர்கள் நேரே ஃபீச்சருக்குப் போவார்கள், மற்றவர்களுக்குப் பி மெயின் என்ற கடைசி வாய்ப்பு உண்டு என்று யாராவது சொன்னால்தானே தெரியும்? வேகமான ஓட்டுநர்களைப் பின்வரிசையில் நிறுத்தித் தொடங்கும் வழக்கம் பல தடங்களில் உண்டு. அதை அறியாதவருக்கு எட்டாவது இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு வந்தவர் தோற்றவராகத் தெரிவார். அறிந்தவருக்கு அந்த இரவின் நாயகனே அவர்தான். ஸ்பிரிண்ட் கார்களைப் பின்னாலிருந்து பிக்அப் வண்டிகள் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து என் நண்பர் ஒருவர், "இத்தனையும் பழுதா?" என்று கேட்டார். அந்தக் கார்களில் ஸ்டார்ட்டரும் கிடையாது, கிளட்சும் கிடையாது, தள்ளித்தான் கிளப்ப வேண்டும் என்றதும் அவருக்கு வந்த ஆர்வம் வேறு மாதிரி இருந்தது. பிறகு வரிசையாக அவரே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இந்தக் குறையை நீக்க ஒரு தாளும் ஒரு நல்ல வர்ணனையாளரும் போதும். தாளில் அன்றைய நிகழ்ச்சி வரிசை, கொடிகளின் பொருள், ஹீட்டிலிருந்து ஃபீச்சருக்குப் போகும் வழி, கார் எண்களுக்கு எதிரே ஓட்டுநரின் பெயரும் ஊரும் இருக்கட்டும். வர்ணனையாளர் விஷயம் இன்னும் முக்கியம். பெரும்பாலான வர்ணனையாளர்கள் முப்பது ஆண்டுகளாக வரும் ரசிகரிடம் பேசுவது போலவே பேசுகிறார்கள், விளம்பரதாரர் பட்டியலை வாசிப்பதில் பாதி நேரம் போய்விடுகிறது. தடம் காயக் காயக் களிமண் வழவழப்பாகிறது, அதனால்தான் கார்கள் இப்போது மேல் விளிம்பில் குவிந்திருக்கும் ஈர மண்ணைத் தேடிப் போகின்றன என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால், புதியவர் அடுத்த பத்துச் சுற்றுகளையும் வேறு கண்ணால் பார்ப்பார்.

இனி தக்கவைப்பதன் மையத்துக்கு வருகிறேன். யாரும் ஒரு விளையாட்டுக்காக மறுபடி வருவதில்லை, ஓர் ஆளுக்காகத்தான் வருகிறார்கள். இந்த விஷயத்தில் மண் தடத்துக்கு இருக்கும் வசதி பெரிய பந்தயங்களுக்கு இல்லை. பெரும்பாலான ஊர்த் தடங்களில் பந்தயம் முடிந்ததும் பிட்டைத் திறந்துவிடுகிறார்கள். அரைமணி முன்பு ஜெயித்தவர் சேறு அப்பிய முகத்தோடு தன் டிரெய்லர் அருகே நின்றுகொண்டிருப்பார். பகலில் அவர் டிராக்டர் பழுது பார்ப்பவராகவோ வெல்டராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். சாதாரண வருமானக்காரர்கள் ஓட்ட முடிவதற்குக் காரணமும் உண்டு. 1915-ல் தொடங்கப்பட்ட ஐஎம்சிஏ என்ற கார் பந்தய அமைப்பு 1979-ல் மாடிஃபைட் வகுப்பைக் கொண்டுவந்தபோது, ஜெயித்தவரின் எஞ்சினைப் போட்டியாளர் குறிப்பிட்ட விலைக்குக் கேட்டு வாங்கலாம் என்று விதி வைத்தது. பறிபோகக்கூடிய எஞ்சினில் யார் பணத்தைக் கொட்டுவார்? அப்படி வந்த ஓட்டுநர்கள்தான் ஊர்க்காரர்களாக இருக்கிறார்கள்.

புதியவர்களுக்கு பிட் திறந்திருப்பது தெரியாது. உள்ளே போகலாமா என்று தயங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஃபீச்சர் முடிந்ததும் வர்ணனையாளர் மும்முறை சொல்ல வேண்டும், வாசலில் ஓர் ஆள் நின்று அழைக்க வேண்டும். ஒரு சிறுமியை ஸ்பிரிண்ட் காரின் இருக்கையில் உட்காரவைத்துப் புகைப்படம் எடுத்து, அந்த ஓட்டுநரின் டி-சர்ட்டையும் வாங்கிக் கொடுத்தால், அடுத்த சனிக்கிழமை எங்கே போவது என்பதை அந்த வீட்டில் அவள்தான் முடிவு செய்வாள். அழைத்துப் போன குடும்பங்களில் இன்றுவரை வந்துகொண்டிருப்பவை எல்லாமே பிட்டுக்குள் போய்வந்தவை. முடிந்தால் ஃபீச்சர் வரை காத்திருக்காமல், இடைவேளையிலேயே கார்களை நேர்ப்பாதையில் நிறுத்தி ஓட்டுநர்களைக் கையெழுத்துப் போட வைக்கலாம். மாதம் ஒருமுறை செய்தால் போதும்.

நட்சத்திரங்களை நம்புவது பற்றி எனக்குச் சந்தேகம் அதிகம். ஒஹையோவில் 1954-ல் தொடங்கிய எல்டோரா மண் தடத்தை நட்சத்திர ஓட்டுநர் டோனி ஸ்டூவர்ட் 2004-ல் வாங்கினார், 2013-ல் அமெரிக்காவின் பெரிய கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் பிக்அப் வண்டிப் பந்தயம் அங்கே நடந்தது. 2021-ல் டென்னசியில் உள்ள பிரிஸ்டல் தடத்தின் கான்கிரீட் மீது களிமண்ணைக் கொட்டி, நாஸ்கார் தன் முதன்மைத் தொடரை 1970-க்குப் பிறகு முதல் முறையாக மண்ணில் ஓட்டியது, 2023-க்குப் பிறகு அது நின்றுபோனது. நாஸ்கார் சாம்பியன் கைல் லார்சன் வரும் இரவில் எந்த ஊர்க் கேலரியும் நிரம்பும், உண்மைதான். அயோவாவின் நாக்ஸ்வில்லில் 1961 முதல் நடந்துவரும் நேஷனல்ஸ் என்ற பெரிய ஸ்பிரிண்ட் கார் பந்தயம் ஆகஸ்டில் அந்தச் சிற்றூரின் மக்கள்தொகையைவிடப் பெரிய கூட்டத்தைக் கூட்டுகிறது. ஆனால் அந்தக் கூட்டம் லார்சனைப் பார்க்கவும் நேஷனல்ஸைப் பார்க்கவும் வருவது. அடுத்த வாரச் சாதாரண சனிக்கிழமைக்கு அவர்களில் சிலரையாவது கொண்டுவர வேண்டுமென்றால், பெரிய இரவின் டிக்கெட்டோடு அடுத்த வாரத்துக்கான இலவசச் சீட்டையும் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். அதைச் செய்யாமல் பெரிய தொடர்களை மட்டும் அடுக்கிக்கொண்டே போனால், வாராந்திரப் பந்தயம் இரண்டாம் தரம் என்று ரசிகரை நாமே பழக்கிவிடுவோம்.

சின்ன விஷயங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். காதடைப்பான் வாசலிலேயே கிடைக்க வேண்டும், குழந்தைகளுக்கு இலவசமாக. வளைவுக்கு அருகே கீழ்வரிசையில் உட்கார்ந்தால் மண்கட்டிகள் மடியில் விழும் என்று டிக்கெட் கொடுப்பவர் சொல்ல வேண்டும். கேலரியில் போர்வை விரித்து இடம் பிடிக்கும் வழக்கம் இருக்கிறது, அது தெரியாமல் போர்வை மேல் உட்கார்ந்து திட்டு வாங்கியவர் மறுபடி வருவாரா? முன்பதிவு இல்லாத தடங்களில், புதியவர்களுக்கென்று மேல்வரிசையில் ஒரு பகுதியைப் போர்வை இல்லாமல் விட்டுவைக்கலாம். புழுதியோ சின்ன விஷயமே அல்ல. காலையிலிருந்து தண்ணீர் காட்டித் தடத்தைப் பக்குவப்படுத்துபவருக்கு நண்பர் தாராளமாகச் சம்பளம் கொடுக்கட்டும். புழுதி பறக்கும் தடத்தில் பந்தயமும் ஒற்றைப் பாதையில் முடங்கும், பார்ப்பவர் கண்ணும் எரியும்.

இன்னொன்று, ஊர்களே மாறிவிட்டன. மார்ஷல்டவுன், ஸ்டார்ம் லேக் போன்ற அயோவா ஊர்களில் இறைச்சித் தொழிற்சாலைகளை நம்பி ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் ஏராளமாகக் குடியேறியிருக்கின்றன. ஆனால் நான் பார்த்த தடங்களின் கேலரியில் அவர்கள் மிகக் குறைவு. யாரும் அவர்களை வரவேண்டாம் என்று சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. அவர்களுடைய தேவாலயத்தின் வாசலிலும் மளிகைக் கடையின் வாகன நிறுத்தத்திலும் ஏப்ரல் மாதத்தில் ஒரு காரைக் கொண்டுபோய் நிறுத்தி, ஸ்பானிய மொழியில் ஒரு தாளும் கொடுத்தால் போதும். எனக்கே இந்த விளையாட்டு பிடித்துப்போனது, பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு முதியவர், ஓட்டுநர்களுக்கு வரும் ரேடியோ அறிவிப்புகளைக் கேட்கும் தன் ஹெட்செட்டை என் தலையில் மாட்டிவிட்டதால்தான். பழைய ரசிகர்களில் பேச்சுப் பிரியர்கள் நான்கைந்து பேருக்குச் சீசன் டிக்கெட்டை இலவசமாகக் கொடுத்து, புதியவர்கள் நடுவே உட்காரச் சொல்வது விளம்பரப் பலகையைவிட மலிவு.

நேரலை ஒளிபரப்பு கூட்டத்தைத் தின்றுவிடும் என்று நண்பர் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். தொலைவில் இருப்பவர்தான் காசு கொடுத்துத் திரையில் பார்க்கிறார். இருபது நிமிடத் தொலைவில் இருப்பவர் வராததற்குக் காரணம் பெரும்பாலும் நான் மேலே சொன்ன பதினொரு மணி.

கடைசியாக மழை. மண் தடம் நனைந்தால் பந்தயம் இல்லை, அதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்த புதியவர், வாசலில் "இன்று ரத்து" என்ற அட்டையைப் பார்த்தால் அவர் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். ரத்து முடிவை மதியம் இரண்டு மணிக்குள் எடுக்க வேண்டும், எடுத்த நொடியில் குறுஞ்செய்தி போக வேண்டும். நடுவில் மழை வந்து பந்தயம் நின்றுபோனால், எந்தச் சுற்றுவரை நடந்தால் டிக்கெட் அடுத்த வாரம் செல்லும் என்பது டிக்கெட்டின் முதுகிலேயே அச்சாகியிருக்க வேண்டும். சந்தேகம் இருக்கும் இரவில் ரசிகர் பக்கம் சாய்ந்து முடிவெடுக்கச் சொல்லுங்கள். இலவசமாக அடுத்த வாரம் வருபவரும் நான்கு பேராகத்தான் வருவார், மற்ற மூன்று பேருக்கு டிக்கெட் வாங்குவார்.