வாசலில் ஒரு கறுப்பு மிதியடி

கேள்வி: என் தந்தைக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் இருப்பது சென்ற ஆண்டு தெரியவந்தது. அதன்பின் அவரை வெளியே அழைத்துச் செல்லவே தயக்கமாக இருக்கிறது. மறதி நோயாளர்களுக்கு இணக்கமான நகரம் வேண்டும் என்கிறார்களே, தெருவையும் கட்டடத்தையும் மாற்றினால் மறதி குறைந்துவிடுமா?
- வாசகி ஒருவர்

பதில்: குறையாது. ஆனால் உங்கள் தந்தை வீட்டுக்குள் முடங்குவதற்கு நோய் மட்டுமே காரணமன்று. கடை வாசலில் கறுப்பு மிதியடி கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தையும் ஆழத்தையும் பிரித்தறியும் திறன் குன்றிய ஒருவருக்கு அது பள்ளமாகத் தெரியக்கூடும். எடுத்த காலை வைக்க அஞ்சி அவர் நின்றுவிடுவார், உடன் வந்தவரோ அதைப் பிடிவாதம் என்று எண்ணிக் கையைப் பிடித்து இழுப்பார். பளபளக்கும் தரை ஈரமாகத் தோன்றுவதும் இவ்வாறே. தரையின் நிறத்திலேயே ஒரு மிதியடி போடுவதற்கு மாநகராட்சித் தீர்மானம் தேவையில்லை.

பொதுக் கழிப்பறைக்கு வழிகாட்டும் அம்புக்குறியை வைப்பவர்கள், உள்ளே போனவர் திரும்பி வரும் வழியைக் கதவின் உட்புறம் எழுதிவைக்க மறந்துவிடுகிறார்கள். (மறதி யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.) தெருப்பெயரைவிட மணிக்கூண்டையும் பெரிய மரத்தையும் பார்த்தே மறதி நோயாளர்களில் பலர் வழி கண்டுபிடிப்பதால், நகரை அழகுபடுத்துவதாகச் சொல்லி அவற்றை அகற்றுவது அவர்கள் கையிலிருக்கும் வரைபடத்தைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

எனினும் கட்டடங்களைவிட மனிதர்களே முக்கியம் என்பேன். ஜப்பானில், இழிவுப் பொருள் தந்த பழைய நோய்ப்பெயரை 2004இல் கைவிட்டார்கள். அடுத்த ஆண்டிலிருந்து கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள் என்று பலதரப்பட்டவர்களுக்கும், மறதி நோயாளர்களிடம் எப்படிப் பழகுவது என்று ஏறத்தாழ 90 நிமிடப் பயிற்சி அளித்து வருகிறார்கள். இதுவரை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றுள்ளனர். திடுக்கிட வைக்காதே, அவசரப்படுத்தாதே, தன்மானத்தைப் புண்படுத்தாதே என்ற மூன்றும் அதன் சாரம். பின்னாலிருந்து கூப்பிடாமல், முன்னே வந்து, ஒருவர் மட்டும், ஒரு நேரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டால் அவர்களின் பதற்றம் பெரிதும் அடங்குகிறது.

நகரம் மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். தந்தைக்குப் பழகிய ஒரே கடைக்கு, கூட்டமில்லாத ஒரே நேரத்தில் அழைத்துச் செல்லுங்கள். அவர் சம்மதித்தால் கடைக்காரரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவையுங்கள். தந்தை சில்லறையை எண்ணி முடிக்கும்வரை உங்கள் பணப்பையை மட்டும் திறந்துவிடாதீர்கள்.