கறுப்புக் காரில் ஓடும் வளைவுகள்: மிஷின் பாலிஷ் பழக எங்கே தொடங்குவது?

கேள்வி: ஈரோடு பக்கம் வாட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். வாடிக்கையாளர்கள் பாலிஷ், செராமிக் கோட்டிங் என்று கேட்பதால் ஒரு ரோட்டரி மிஷினும் கம்பளி பேடும் வாங்கி வேலையை ஆரம்பித்துவிட்டேன். வண்டியைக் கொடுக்கும்போது பளபளவென்று இருக்கிறது. இரண்டு வாஷ் போனதும் பழைய கீறல்கள் திரும்பத் தெரிகின்றன. கறுப்புக் கார் என்றால் வெயிலில் புகை மாதிரி வளைவுகள் வேறு. மிஷினை மாற்றணுமா, காம்பவுண்டை மாற்றணுமா? முறையாகப் பழக எவ்வளவு நாள் ஆகும்?

பதில்: உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. கீறல் திரும்ப வரவில்லை, முதலிலேயே போகவில்லை. கீறலைத் தேய்த்து எடுக்கப் போடும் காம்பவுண்டில் உள்ள எண்ணெய்ப் பசை கீறலுக்குள் இறங்கி அதை மறைத்துவிடுகிறது. இரண்டு முறை ஷாம்பு போட்டதும் பசை கழுவிப் போய், கீறல் மட்டும் மிஞ்சுகிறது. கறுப்புக் காரில் தெரியும் வளைவுகள் ரோட்டரியின் தடம். அது ஒரே அச்சில், ஒரே திசையில் சுற்றும் மிஷின். கம்பளி பேடோடு ஓட்டிவிட்டு, அடுத்து மெல்லிய பாலிஷால் முடிக்காமல் விட்டால் அந்தத் தடம் அப்படியே நிற்கும். வெள்ளைக் காரிலும் அது இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஆக, மிஷினை மாற்றினால் வளைவுகள் பெரும்பாலும் தீரும். கீறல் மறைவதும் திரும்புவதும் தீராது. அதற்கு, தேய்த்த இடத்தில் என்ன நடந்திருக்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும்.

முதலில் எதைத் தேய்க்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி பெயிண்ட்டில் பிரைமர், கலர், மேலே நிறமில்லாத கிளியர் கோட் எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 90 முதல் 130 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் நாம் கை வைக்கும் கிளியர் கோட் சுமார் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடியின் தடிமன்கூட இதைவிட அதிகம். கீறலை வெட்டி எடுக்கும் கரடான கட்டிங் காம்பவுண்ட் போட்டு ஒருமுறை நன்றாக ஓட்டினால் ஓரிரு மைக்ரான் போகும்; ரோட்டரி, கம்பளி, கை அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் இன்னும் கூடுதலாகவே போகும். வெயிலைத் தாங்குவதும் இந்த அடுக்குதான். பழைய கார்களின் ரூஃபிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கிளியர் கோட் செத்துப்போனால் அப்படித்தான் ஆகும். அதற்கு மேல் பாலிஷில் செய்ய எதுவும் இல்லை, பெயிண்டரிடம்தான் போக வேண்டும்.

அதனால் பெயிண்ட் தடிமன் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். பானெட், டோர், ரூஃப் என ஒவ்வொன்றிலும் நான்கைந்து இடத்தில் வைத்துப் பாருங்கள். 200, 300 காட்டினால் அந்த பேனல் ரீபெயிண்ட் ஆகியிருக்கிறது. ஆயிரத்தைத் தொட்டால் உள்ளே பள்ளத்தை நிரப்பிய பட்டி. 80-க்குக் கீழே வந்தால் கட்டிங் வேண்டாம், மெல்லிய பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீட்டர் மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், கிளியர் கோட் மட்டும் எவ்வளவு என்று சொல்லாது. சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பரில் வேலையே செய்யாது. அந்தப் பம்பரில்தான் சூடும் சீக்கிரம் ஏறும். தகடு மாதிரி பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது.

மிஷினுக்கு வருவோம். டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டிஏ என்பார்கள், அதை வாங்குங்கள். 15 மில்லிமீட்டர் வீச்சு (பேட் தள்ளாடும் அளவு), 5 இன்ச் பேட் போதும். 21 மில்லிமீட்டர் பெரிய பானெட்டில் வேகமாக வேலை முடிக்கும், ஆனால் டோர் வளைவிலும் பம்பரிலும் புதுக் கைக்கு அடங்காது. டிஏ சுற்றிக்கொண்டே தள்ளாடுவதால் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடாது, சூடும் குறைவு. ரோட்டரியை விற்றுவிட வேண்டாம், பின்னால் உதவும். இப்போதைக்கு அலமாரியில் இருக்கட்டும்.

டிஏ பழகுகிறவர்கள் எல்லாரும் ஒரு இடத்தில் தடுமாறுவார்கள். அழுத்தி ஓட்டினாலோ பேடைச் சாய்த்துப் பிடித்தாலோ சுற்று நின்றுவிடும். மிஷின் உறுமும், பேட் வெறுமனே அதிரும், கீறல் ஒன்றும் போகாது. பேட் ஒட்டும் பேக்கிங் பிளேட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு சுற்றுவது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் சரி. ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் அழுத்தத்தைக் குறையுங்கள், பேடைப் பேனலோடு சமமாக வையுங்கள்.

வேலைக்கு முன் வாஷ், இரும்புத் துகளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர், ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் கிளே பார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான். போர் தண்ணீர்க் கறை இருந்தால் அதற்கான ஆசிட் கிளீனரால் முதலில் எடுத்துப் பாருங்கள். உப்பைப் பாலிஷால் தேய்த்து எடுப்பது கிளியர் கோட்டுக்குத் தண்டச் செலவு. பிளாஸ்டிக், ரப்பர், கூர்மையான பாடி லைன், பேனல் ஓரம் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். ஓரங்களில் பெயிண்ட் மெலிந்துதான் இருக்கும். வெயிலில் நின்ற வண்டியை நிழலில் விட்டு, பானெட்டில் உள்ளங்கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறிய பிறகு ஆரம்பியுங்கள்.

அப்புறம்தான் டெஸ்ட் ஸ்பாட். பானெட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரம் ஒன்றை டேப்பால் கட்டிக்கொள்ளுங்கள். கட்டிங்கில் தொடங்காதீர்கள். மெல்லிய பாலிஷ், மென்மையான ஃபோம் பேட், அதுதான் முதல் முயற்சி. புதுப் பேடில் பாலிஷை முகம் முழுக்கத் தடவிவிட்டு, மேலே பட்டாணி அளவு நான்கு சொட்டு. பேடைப் பெயிண்ட்டில் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள், இல்லாவிட்டால் சுவர் வரைக்கும் தெறிக்கும். முதல் நம்பர் வேகத்தில் பரப்பிவிட்டு, ஆறு நம்பர் மிஷின் என்றால் நாலு, அஞ்சுக்கு ஏற்றுங்கள். கை நகர்வது நொடிக்கு ஒரு இன்ச். சொல்லும்போது எளிது, செய்யும்போது பொறுமை போய்விடும், எல்லாருமே இதைவிட வேகமாகத்தான் ஓட்டுவார்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். இடவலமாக ஒரு தடவை, மேல்கீழாக ஒரு தடவை, மறுபடியும் அதேபோல். கடைசித் தடவை மிஷினின் எடையே போதும்.

துடைத்துவிட்டு, தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தெளித்து இன்னொரு துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பசை போய் உண்மை நிலவரம் தெரியும். எல்இடி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, டேப்புக்கு உள்ளேயும் வெளியேயும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஷெட்டின் டியூப் லைட்டை நம்ப வேண்டாம், அது எல்லாவற்றையும் அழகாகக் காட்டும். கீறல் குறைந்தது போதும் என்றால் அதே முறையில் முழுக் காரையும் முடியுங்கள். போதாது என்றால் முதலில் இன்னும் கடினமான பேடுக்கு மாறுங்கள், அதற்கும் போகாவிட்டால் காம்பவுண்டை. நகம் தட்டுப்படும் கீறல் பாலிஷில் போகாது. வாடிக்கையாளரையே நகத்தை வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள், பின்னால் பேச்சு வராது.

ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடைச் சுத்தம் செய்ய வேண்டும். உங்கள் கடையில் கம்ப்ரஸர் இருக்கிறதே, காற்றை அடித்தால் ஃபோமுக்குள் அடைந்த பொடி வெளியே வந்துவிடும். முகத்தில் மாஸ்க் இருக்கட்டும். ஒரு காருக்கு ஒரே பேட் என்று ஓட்டாதீர்கள். நான்கு, ஐந்து பேடாவது கைவசம் வேண்டும். பேடில் காரின் கலர் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். கிளியர் கோட்டே இல்லாத பழைய ஒற்றை அடுக்குப் பெயிண்ட் என்றால் கலர் வருவது இயல்பு. அதைத் தொடங்கும் முன்பே மறைவான இடத்தில் வெள்ளைத் துணியால் தேய்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். நாள் கணக்குச் சொன்னால் பொய்யாகிவிடும். பக்கத்து டிங்கரிங் கடையில் அடிபட்ட பானெட் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். 2000 நம்பர் எமரி பேப்பரால் ஈரமாகத் தேய்த்து மங்கலாக்கி, அதைத் திரும்பப் பளபளப்பாக்குங்கள். ஆல்கஹால் துடைத்தும் டார்ச்சில் தடம் தெரியாத வரைக்கும் செய்யுங்கள். பிறகு வேண்டுமென்றே அதன் ஓரத்தில் ரோட்டரியை ஒரே இடத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். கலர் எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் டேப் ஒட்டச் சோம்பல் வராது.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். சிலந்தி வலை மாதிரி தெரியும் மெல்லிய கீறல்களில் நிறைய வாட்டர் சர்வீஸில் வருபவை. வீலைத் தேய்த்த துணியே பானெட்டுக்கும், நாள் முழுக்க ஒரே வாளித் தண்ணீர் என்றால் நீங்கள் பாலிஷ் போட்ட காரை அடுத்த மாதம் உங்கள் கடைப் பையனே கெடுத்துவிடுவான். வீலுக்குத் தனித் துணி, அலசுவதற்குத் தனி வாளி, தூசியை உலர்ந்த துணியால் தட்டக்கூடாது என்ற மூன்றையும் முதலில் கடையில் கொண்டுவாருங்கள். காசு வாங்கிச் செய்யும் முதல் சில கார்கள் வெள்ளையாகவோ சில்வராகவோ இருக்கட்டும், கறுப்புக் கார் வந்தால் இன்னும் கொஞ்ச நாள் கழித்து வரச் சொல்லுங்கள்.